கோணல் சுவரும் பொன்னி நெல்லின் கணுவும்

எல்லாப் புகழும் இறைவனுக்கே!

விழாவுக்குத் தலைமை தாங்குவதோடு நில்லாமல், பின்வரிசைப் பிள்ளைகளின் பேச்சைப் பார்வையாலேயே நிறுத்திவிடும் வல்லமை வாய்ந்த தாளாளர், என் பெருமதிப்பிற்குரிய அருட்சகோதரி ஃபிளோரா அவர்களே! கடல் கடந்து கடை நடத்தினாலும் கால் பதித்த ஊரைக் கைவிடாமல், இந்தப் புதிய ஆய்வுக்கூடத்துக்கு நுண்ணோக்கிகளை வாங்கித் தந்த வள்ளல் மீரா சாகிப் அவர்களே! நான் இங்கே படித்த காலத்தில் பள்ளிக்குத் தார்ச்சாலை போட்டுத் தருவதாக வாக்களித்து, நான் பட்டம் வாங்கி, பணியில் சேர்ந்து, பிள்ளை பெற்ற பிறகு அந்த வாக்கை நிறைவேற்றிய ஊராட்சித் தலைவர் இளையபெருமாள் அவர்களே! சிரிக்கிறார். கோபமில்லை. நன்றி ஐயா, சாலை நன்றாகவே இருக்கிறது.

சான்றோர்களே! பெரியோர்களே! பச்சைப் பாவாடையும் வெள்ளைச் சட்டையுமாய்ப் பரந்து கிடக்கும் என் தங்கைகளே! உளுந்து வயலை ஒருநாள் மறந்து, உச்சி வெயிலை மதிக்காமல், இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாய்ப் பிள்ளைகளோடு வந்திருக்கும் தாய்மார்களே! வளைகுடா வெயிலில் கணவர் வாட, வாய்க்கால் கரையில் தாம் வாடாமல் நின்று வீட்டை நடத்தும் என் அருமைச் சகோதரிகளே! உங்கள் அனைவரின் முன்னும், இந்தக் குடமுருட்டிக் கரையில் பிறந்து, இந்தப் பள்ளியில் படித்து, இன்று தஞ்சையில் தாவரவியல் கற்பிக்கும் ரிஃப்கா தலை வணங்குகிறேன்.

நோட்டீசில் என் தலைப்பைப் பார்த்திருப்பீர்கள். 'தாவரச் செல்லில் செல் சட்டகத்தின் பங்கு.' பேருந்தை விட்டு இறங்கியதும் ஒரு பெரியவர் அந்த நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு என்னை மடக்கினார். "ஏம்மா, சட்டகம்னா எலும்புக்கூடு மாதிரிதானே? செடிக்கு ஏதும்மா எலும்பு?" என்று கேட்டார். என்ன அருமையான கேள்வி! வாழைக்கு எலும்பு உண்டா? நெல்லுக்கு முதுகெலும்பு உண்டா? எலும்பே இல்லாத நெல் எப்படி நிற்கிறது? நின்றதோடு விட்டதா? விழுந்தால் எப்படி எழுகிறது? இந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் நான் தஞ்சையிலிருந்து வந்திருக்கிறேன்.

கண்ணுக்குத் தெரியாத சின்ன அறை, செல். இந்த அரிசி, இந்த வைக்கோல், நீங்கள் கூந்தலில் வைத்திருக்கும் கனகாம்பரம், எல்லாம் இந்தச் சின்ன அறைகளால் ஆனவை. அந்த அறைக்குள்ளே நூலினும் நுண்ணிய குழல்கள் உண்டு, நுண்குழல்கள் என்கிறோம். அவற்றினும் மெல்லிய இழைகள் உண்டு. ஆக்டின் இழைகள் என்கிறோம். இவை இரண்டும் சேர்ந்ததுதான் செல் சட்டகம். நாளைக் காலையில் வாய்க்காலில் மிதக்கும் வேலம்பாசியில் ஓர் இலையைக் கிள்ளி இந்த நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள், தங்கைகளே! பச்சை மணிகள் செல்லுக்குள் ஊர்வலம் போகும். அந்த ஊர்வலம் போகும் பாதைதான் ஆக்டின் இழை. பாதை நம் கண்ணுக்குத் தெரியாது, போவது தெரியும். நுண்குழல்களையோ இந்த நுண்ணோக்கியில் பார்க்கவே முடியாது. மீரா சாகிப் ஐயா முகம் வாட வேண்டாம். அதற்குக் கருவி வேறு. அதை வாங்க உங்கள் கடையோடு உங்கள் பக்கத்துக் கடையையும் விற்க வேண்டியிருக்கும்.

எலும்பு என்றால் என்ன? ஒருமுறை வளர்ந்து, உறுதியாகி, அப்படியே இருப்பது. செல் சட்டகம் அப்படி இருக்குமா? இருக்காது! ஒரு முனையில் வளரும், மறுமுனையில் கரையும். இப்போது இங்கே இருக்கும். சற்று நேரத்தில் கலைந்து இன்னோர் இடத்தில் எழும். ஆகவே பெரியவரே, அதை எலும்பு என்று சொல்லாதீர்கள். சாரம் என்று சொல்லுங்கள். கட்டடம் எழும்போது கொத்தனார் ஏறி நிற்பதற்குச் சவுக்குக் கம்பும் கயிறும் கொண்டு கட்டுகிறோமே, அந்தச் சாரம்!

சாரம் என்று நான் சொன்னதும் கதவோரம் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பார்த்தீர்களா? திரும்பிப் பார்க்காதீர்கள், எழுந்து போய்விடுவார். அவர்தான் என் அத்தா, அஹமது கபீர். குவைத்தில் சாரம் கட்டியவர். இங்கே முன்வரிசையில், என்னைப் பெருமையாகப் பார்ப்பது தெரிந்துவிடக் கூடாது என்று மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பவர் என் உம்மா, ஆயிஷா.

இன்று அவர்கள் கதையைச் சொல்லப் போகிறேன். அனுமதி கேட்டேன். உம்மா, "சொல்லிக்க. ஆனா என்னைப் பெரிய மகராசி மாதிரி காட்டாத, ஊருல சிரிப்பாங்க" என்றார். அத்தா, "வயலு கதைய வேணும்னா சொல்லு. அந்தச் சுவரு விஷயத்த மட்டும் எடுக்காத" என்றார். அத்தா, மன்னிக்க வேண்டும். ஒலிபெருக்கி இப்போது என் கையில்!

கேளுங்கள், பெரியோர்களே! குவைத்தில் போர் மூண்ட ஆண்டு உங்களுக்கு நினைவிருக்கும். எத்தனை வீட்டில் அடுப்பு எரிந்தும் சோறு இறங்காமல் கிடந்தோம்! பாலைவனம் கடந்து, அகதி முகாமில் படுத்து, விமானம் ஏறி, மும்பையிலிருந்து ரயிலில் வந்து, புரட்டாசி மழையில் நனைந்தபடி என் அத்தா வீட்டு வாசலில் நின்றார். கையில் ஒரு பை. அந்தப் பையில் இரண்டு சட்டையும் ஓர் அளவு நாடாவும். வேறொன்றும் இல்லை. போனது பொருள் மட்டுமா? அன்றிலிருந்து அத்தா கயிற்றுக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார். தொழுகைக்கு எழுந்திருப்பார். மறுபடி படுத்துக்கொள்வார். ஊரார் வந்து ஆறுதல் சொன்னால், "ஆமாங்க, ஆமாங்க" என்பார். உயர உயரக் கட்டடங்களில் காற்றோடு பேசிக்கொண்டு நின்ற மனிதர் வீட்டுக்குள்ளேயே தொலைந்துபோனார்.

இதைச் செல்லில் நான் பார்த்திருக்கிறேன். வேதாரண்யத்துப் பக்கம் கண்வலிக்கிழங்கு பயிர் செய்கிறார்களே, செங்காந்தள் பூ பூக்குமே, அதில் ஒரு நஞ்சு இருக்கிறது. கால்ச்சிசின் என்று பெயர். வெங்காய வேர் முனையை அந்தக் கரைசலில் வைத்தால் நுண்குழல்கள் குலைந்துபோகும். உடனே வேர் செத்துவிடுமா? சாகாது. வளர்வது நிற்குமா? உடனே நிற்காது. ஆனால் நீளமாகப் போக வேண்டிய வேர், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்ற இடத்திலேயே உருண்டையாக வீங்கும். உயிர் இருக்கிறது, திசை இல்லை. ஆய்வுக்கூடத்தில் அந்த வீங்கிய வேரை முதன்முதலில் பார்த்தபோது எனக்குப் பாடம் நினைவுக்கு வரவில்லை. அந்தக் கட்டில்தான் நினைவுக்கு வந்தது.

சரி, அத்தா இல்லாத அத்தனை ஆண்டும் வீட்டை நடத்தியது யார்? மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த அம்மாள்தான்! ரெங்கசாமி ஐயாவின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, உரம் வாங்கி, தண்ணீர் பாய்ச்சி, நடவுக்கு ஆள் அழைத்து, மாமியாருக்கு வைத்தியம் பார்த்து, என்னைப் படிக்க வைத்து, அத்தா அனுப்பிய காசில் ஒரு வீடும் கட்டி முடித்திருந்தார். துணைக்கு யார்? நடவுக்கு வரும் பெண்களுக்குத் தலைவி, எங்கள் அம்சம் அக்கா. அதோ, தூண் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடிக்கிறார். அக்கா, துப்புவதென்றால் வெளியே, சிஸ்டர் பார்க்கிறார்!

விலங்குச் செல்லில் நுண்குழல்களுக்குப் பெரும்பாலும் ஒரு தலைமையகம் உண்டு. நடுவில் ஒரு புள்ளி. அங்கிருந்து எல்லாம் கிளம்பும். தாவரச் செல்லில் அப்படி ஒரு தலைமையகம் கிடையாது! இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம், எங்கே தேவையோ அங்கே கிளம்பும். ஆனாலும் கூடிச் சேர்ந்து ஒழுங்காக நிற்கும். தலைவர் ஊரில் இல்லாமல் குடும்பம் எப்படி நடக்கும் என்று கேட்பவர்கள் ஒரு புல்லைப் பார்க்கட்டும். இல்லை, இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்க்கட்டும்! கைதட்டுங்கள், தட்டலாம், இது உங்களுக்கான கைதட்டல்தான்.

ஆனால் தாய்மார்களே, கைதட்டலோடு நாம் போய்விடக் கூடாது. தலைமையகம் இல்லாமலே நடந்த வீட்டுக்குத் தலைவர் திரும்பி வந்தால் அவர் எங்கே உட்காருவார்? நமக்குப் பெருமையாக இருக்கும் அதே விஷயம் அவருக்கு முள்ளாகக் குத்தாதா? குத்தியது. அதை நாங்கள் கவனிக்கவில்லை.

கார்த்திகைக் கடைசியில் காற்றும் மழையும் வந்தன. அந்த வருடம் வெள்ளைப் பொன்னி. உயரமான நெல், சாய்வதற்கென்றே பிறந்த நெல். கதிர் வெளியே வரவில்லை, சூல் கட்டி நிற்கிற பருவம். விடிந்து பார்த்தால் வயல் முழுவதும் படுத்துக் கிடக்கிறது. மழை விடவில்லை. இரண்டு நாள் கழித்து வானம் வெளுத்தபோது, உம்மா குடையோடு வரப்பில் நின்று பார்த்துவிட்டு வந்து, கட்டில் பக்கம் திரும்பாமல், "பயிரு பூரா சாஞ்சிருச்சு" என்று மட்டும் சொன்னார்.

அத்தா எழுந்து உட்கார்ந்தார்.

"எல்லாமா?"

"எல்லாந்தான்."

அத்தா வேட்டியை மடித்துக் கட்டினார். பையில் கிடந்த அளவு நாடாவை எடுத்தார். என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? மூங்கில் கடைக்குப் போய்ச் சவுக்குக் கம்பு கொண்டுவந்தார். பேராவூரணி தேங்காய் நார்க் கயிறு சுருள் சுருளாகக் கொண்டுவந்தார். வரப்போரம் கம்பு நட்டார், குறுக்கே கம்பு கட்டினார், வரிசை வரிசையாகக் கயிறு இழுத்தார், படுத்திருந்த நெல்லைத் தூர் தூராகத் தூக்கிக் கயிற்றில் சேர்த்துக் கட்டினார். நாலு தூரைச் சேர்த்து முடிச்சுப் போடுவதை எல்லோரும் செய்வோம். குவைத்தில் மாடி எழுப்பியவர் அதோடு நிற்பாரா? நெல்லுக்குச் சாரம் கட்டினார், ஐயா! உலகத்தில் நெல்லுக்குச் சாரம் கட்டிய முதல் மனிதர் என் அத்தாவாகத்தான் இருக்க வேண்டும். பேருந்தில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டீக்கடையில், "பாய் பொன்னிக்கு ரெண்டாவது மாடி எழுப்புறாரு" என்று சிரித்தார்கள். சிரித்தவர்களில் இரண்டு பேர் இந்தக் கூடத்தில் இருக்கிறீர்கள். பெயர் சொல்ல மாட்டேன்.

நான் டீ கொண்டுபோனேன். அம்சம் அக்கா உம்மாவின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார். "பாயம்மா, இந்தப் பருவத்துல அதுவா எந்திரிச்சிருமே. இப்புடி இழுத்துக் கட்டுனா வேரு ஆட்டம் காணும். பாய்கிட்ட சொல்லிரவா?"

உம்மா வயலைப் பார்க்கவில்லை. அத்தாவைப் பார்த்தார். முழங்கால் சேற்றில் நின்று, பல்லில் கயிற்றைக் கடித்து, முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்த அத்தாவை.

"சொல்லாத அம்சம். பயிரு போனா அடுத்த போகம் வரும். மனுசன் இப்பத்தான் எந்திரிச்சிருக்காரு."

பாதி வயலில் கயிறு தீர்ந்தது. கடையிலும் கயிறு இல்லை. மீதிப் பாதி படுத்தபடியே கிடந்தது.

இனி என்ன நடந்தது என்பதை நெல்லின் கணுவிடம் கேட்போம். நெல் படுத்ததும் கணுவில் உள்ள செல்களில் மாவுமணிகள் கீழ்ப்பக்கம் இறங்குகின்றன. 'நான் சாய்ந்துவிட்டேன்' என்று நெல்லுக்குச் சொல்வது அந்த மணிகள்தான். வளர்ச்சிச் சாறு கீழ்ப்பக்கம் கூடுகிறது. அங்கே செல்கள் நீள வேண்டும். எந்தப் பக்கமாக நீள்வது? பருத்துவிடாமல் நெடுக்காக எப்படி நீள்வது? அதைச் சொல்வதுதான் நம் சட்டகம்! நுண்குழல்கள் செல்லின் உட்புறத்தில் வளையம் வளையமாக நிற்கின்றன. அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டுதான் செல்லுலோஸ் நார் சுவரில் நெய்யப்படுகிறது. சுற்றிலும் வளையம் இறுக்கிப் பிடித்தால் செல் பக்கவாட்டில் பருக்க முடியுமா? முடியாது. நெடுக்காகத்தான் நீள முடியும். கீழ்ப்பக்கம் நீள, மேல்பக்கம் அடங்க, கணு மடங்குகிறது. படுத்த பயிர், முழங்காலை ஊன்றி எழுபவரைப் போல எழுகிறது. யார் தூக்கினார்கள்? யாரும் தூக்கவில்லை. தூக்குவதற்கான சாரம் உள்ளேயே இருந்தது.

கயிறு கட்டாத பாதி நான்கைந்து நாளில் தலையைத் தூக்கிவிட்டது. கட்டிய பாதி? அது ஏற்கெனவே இரண்டு நாளாக எழ முயன்று கணுவை மடக்கியிருந்தது. அதைப் பிடித்து நேராக்கியதும் தலை பின்பக்கம் சாய்ந்தது. மறுபடி அடுத்த கணுவை இந்தப் பக்கம் மடக்கியது. நெளிந்து, பின்னி, வேர் ஆட்டம் கண்டு, கயிற்றில் தொங்கிக்கொண்டு நின்றது. அறுவடையில் அந்தப் பாதியில் பதர்தான் மிகுதி.

அறுப்பு நாளில் அம்சம் அக்கா கதிர் அரிவாளோடு நெளிந்த தாளைப் பிடித்துச் சிரித்துக்கொண்டே வாய் தவறிச் சொல்லிவிட்டார். "சும்மா வுட்டிருந்தா இதுவும் எந்திரிச்சிருக்கும் பாய். பாயம்மாவுக்கு அன்னிக்கே தெரியுமே." அக்கா, தலை குனியாதீர்கள். அன்று நீங்கள் சொல்லாதிருந்தால் இந்தக் கதைக்கு முடிவே இருந்திருக்காது.

அத்தா சாயங்காலம் வீட்டுக்கு வந்து பரண்மேல் கிடந்த பையை இறக்கினார். அதே பை.

"கூத்தாநல்லூர்ல ஒரு ஏஜெண்டு இருக்காராம். சண்ட ஓஞ்சதும் சவூதிக்கு ஆளு எடுப்பாங்களாம். போயி பேசிட்டு வந்துர்றேன்."

உம்மா முறத்தைக் கீழே வைத்தார். "இப்ப என்ன அவசரம் மச்சான்?"

"இங்க எனக்கு என்ன வேலை ஆயிஷா? நீயே வயலு பாக்குற. நீயே வீடு கட்டிட்ட. புள்ளயைப் படிக்க வச்சிட்ட. நான் பயிர நாசம் பண்றதத் தெரிஞ்சே பாத்துக்கிட்டு நின்னிருக்க. அழுவுற புள்ளைக்குக் கிலுகிலுப்பை குடுக்குற மாதிரி, போயி கயிறு கட்டி வெளாடுன்னு விட்டுட்டியே! நான் இல்லாமத்தான் இந்த வீடு நல்லா நடந்திருக்கு. அப்படியே நடக்கட்டும்."

பெரியோர்களே, அந்தச் சொல் எனக்கு இன்றும் வலிக்கிறது. அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் வலித்திருக்காது. அமைதியாக, நியாயம் பேசுவது போலச் சொன்னார். நான் அழுதேன். உம்மா அழவில்லை. எழுந்துபோய்ப் பின்னறை விளக்கைப் போட்டார்.

"இங்க வாங்க. வந்து இந்தச் சுவரப் பாருங்க."

அந்தப் பின்னறைச் சுவரைப் பற்றி நான் சொல்ல வேண்டும். கோணல் சுவர். மூலைக்கு மூலை சேராது. மர அலமாரியை அந்த மூலையில் வைத்தால் ஒரு பக்கம் ஒட்டும், மறுபக்கம் பூனை நுழையும் அளவுக்கு இடைவெளி விடும். கட்டிலில் படுத்துக் கிடந்த அத்தனை நாளும் அத்தா வாயைத் திறந்து குறை சொன்னது அந்த ஒரு சுவரைத்தான். "எந்த மேஸ்திரி கட்டுனான் இத? கண்ணுல ரசமட்டம் வச்சுப் பாக்கத் தெரியாதவன்லாம் கரண்டி புடிச்சா இப்படித்தான்" என்பார்.

உம்மா கேட்டார். "கடைசியா லீவுல வந்தப்ப, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஓடி ஓடி முளை அடிச்சுக் கயிறு புடிச்சு, ரூமு ரூமா அடையாளம் போட்டுட்டுப் போனீங்களே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"நீங்க போன மறுநாளு கயித்தச் சுருட்டிட்டாங்க. சுண்ணாம்புக் கோடு மட்டும் இருந்துச்சு. மழையில அதுவும் போச்சு. ஆனா எங்கெங்க முளை அடிச்சீங்கன்னு எனக்குத் தெரியும். மேஸ்திரி வந்து, 'பின்னறை மூலை சேரல பாயம்மா, ஒரு சாணு தள்ளிக் கட்டுறேன்'னாரு. 'அவரு கயிறு புடிச்ச எடம் அதுதான், அங்கதான் சுவரு வரணும்'னு சொல்லிட்டேன். அவரு சண்டைக்கே வந்துட்டாரு. 'பின்னாடி என்னைத்தான் திட்டுவாங்க'ன்னாரு. திட்டிக்கிட்டுத்தான இருக்கீங்க?"

அத்தா சுவரைப் பார்த்தார். பையைக் கீழே வைத்தார். பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். ஆம், அந்த நேரத்திலும் அளந்தார்! மூலையிலிருந்து அளந்தார், வாசலிலிருந்து அளந்தார், நெற்றியைச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏன் புள்ள, கோணல்னு தெரிஞ்சும் ஏன் கட்டுன?"

"நீங்க வந்து பாக்கயில நீங்க போட்ட வீடாத்தானே இருக்கணும்?"

அத்தா சிரித்தார். குவைத்திலிருந்து வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். பை மறுபடி பரண்மேல் ஏறியது.

தங்கைகளே, பல ஆண்டு கழித்து, ஆராய்ச்சிக்கூடத்தின் இருட்டறையில், ஒளிரும் சாயம் ஏற்றிய ஒரு வேர் செல்லை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். செல் இரண்டாகப் பிரியப் போகிறது. நடுவில் புதுச் சுவர் வர வேண்டும். எங்கே வரும்? அதற்கு முன்பே நுண்குழல்கள் ஒரு பட்டையாகக் கூடி, செல்லின் ஓரத்தைச் சுற்றி நின்று, 'இங்கே' என்று அடையாளம் வைக்கின்றன. வைத்துவிட்டு என்ன செய்கின்றன? கலைந்துபோகின்றன! சுவர் எழும் வேளையில் அந்தப் பட்டை அங்கே இல்லை. பெயர் இல்லை, தடம் இல்லை, நூலிழை கூட மிச்சம் இல்லை. ஆனாலும் சுவர் வளர்ந்து வளர்ந்து, அது நின்ற அதே இடத்தைத் தேடிப்போய்ச் சேர்கிறது. நான் அந்த இருட்டில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். ஆய்வுக்கூடத்தில் ஒருத்தி அழுதால் கண்ணில் ரசாயனம் பட்டுவிட்டது என்றுதான் நினைப்பார்கள். தண்ணீர்க் குவளையோடு ஓடி வந்தார்கள். எங்கள் வீட்டுப் பின்னறைதான் கண்ணில் பட்டது என்று அவர்களிடம் எப்படிச் சொல்வேன்?

தொலைதூரம் போனவர்களே, போகப் போகிறவர்களே, போய்விட்டு வெறுங்கையோடு திரும்பி வந்து கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவர்களே! நீங்கள் இல்லாமல் வீடு நடந்தது உண்மைதான். அதற்காக நீங்கள் வேண்டாதவர்களா? நீங்கள் கயிறு பிடித்த இடத்தில்தானே அந்தச் சுவர் நிற்கிறது? வீட்டை நடத்திய சகோதரிகளே! உங்கள் வலிமை ஊரறிந்தது. திரும்பி வந்தவருக்கு அதைச் சொல்லிக் காட்டாதீர்கள், சுவரைக் காட்டுங்கள். விழுந்தவரைக் கயிறு கட்டி இழுக்காதீர்கள், பக்கத்தில் நில்லுங்கள். அவருக்குள்ளே சாரம் இருக்கிறது, கொஞ்சம் நாள் பிடிக்கும், எழுவார். என் அத்தா எழுந்தார்! தேசம் வணிகத்துக்குக் கதவைத் திறந்தது, ஊரெல்லாம் மாடி வீடு முளைத்தது, கும்பகோணம் முதல் மன்னார்குடி வரை அவர் சாரம் கட்டாத தெரு குறைவு. வயலை மட்டும் இன்றுவரை உம்மா அவரிடம் கொடுக்கவில்லை. அது வேறு கதை.

கோணல் சுவர் இன்னும் இருக்கிறது. அலமாரிக்குப் பின்னால் அந்த இடைவெளியும் இருக்கிறது. இடித்துக் கட்டலாம் என்று அண்மையில் ஒரு பொறியாளர் சொன்னார். உம்மா அவருக்கு டீ கூடக் கொடுக்கவில்லை.

ஒன்றே ஒன்று சொல்லி அமர்கிறேன். குவைத்தில் எத்தனையோ கட்டடங்களுக்குச் சாரம் கட்டியிருக்கிறீர்களே, உள்ளே எப்படி இருக்கும் என்று ஒருமுறை அத்தாவிடம் கேட்டேன். "தெரியாதும்மா. பூச்சு முடிஞ்சதும் சாரத்தப் பிரிச்சுக்கிட்டு அடுத்த எடத்துக்குப் போயிருவோம். தெறப்பு விழாவுக்கு எங்கள யாரு கூப்புடுவா?" என்றார்.

அருட்சகோதரி அவர்களே, இந்தக் கட்டடத்துக்குச் சாரம் கட்டியவர் அவர்தான். தாம் சாரம் கட்டிய ஒரு கட்டடத்துக்குள் நாற்காலி போட்டு என் அத்தா உட்கார்ந்திருப்பது இதுதான் முதல் முறை. பழக்க தோஷத்தில் கதவோரம் உட்கார்ந்திருக்கிறார். அத்தா, கூட்டம் முடியுமுன் கிளம்பிவிடாதீங்க. முன்னாடி வாங்க. உம்மா பக்கத்துல எடம் இருக்கு.

வருகிறார்! வழி விடுங்கள் தங்கைகளே, வழி விடுங்கள்!

இவ்வளவு நேரம் வெயிலையும் என்னையும் பொறுத்துக்கொண்ட உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. உங்கள் வீட்டுச் சுவர்கள் நிலைக்கட்டும். அவற்றுக்குக் கயிறு பிடித்தவர்கள் வந்து சேரட்டும். அனைவர்க்கும் அமைதி உண்டாகட்டும். வணக்கம்!